இ-சேவை மேசையின் இந்தப் பக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். அதற்கு முன்பு இதே ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்பாவோடு உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தேன். ஒரு டைப்ரைட்டர், கார்பன் தாள், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, வருபவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. அதனால் அரசாங்கம் காகிதத்தில் நடந்ததையும் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன், இப்போது திரையில் நடப்பதையும் பார்க்கிறேன். "எல்லாம்தான் ஆன்லைன் ஆயிடுச்சே, அப்புறம் ஏன் இன்னும் அலைய விடுறாங்க?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். இந்த மேசையிலிருந்து எனக்குத் தெரிகிற பதிலையும், அதை வைத்து நீங்கள் என்ன செய்துகொள்ளலாம் என்பதையும் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் அரசு வேலைக்குள் இரண்டு விதமாக வந்திருக்கிறது. சில இடங்களில் ஒரு படியையே எடுத்துவிட்டது. மற்ற இடங்களில் பழைய படிகளை அப்படியே திரைக்குள் ஏற்றிவிட்டது. முதல் வகையில் ஜனங்களுக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. இரண்டாவதில் வரிசை நிற்கும் இடம்தான் மாறியது.

வில்லங்கச் சான்றிதழைப் பாருங்கள். முன்பெல்லாம் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, எத்தனை வருஷத்துக்குத் தேட வேண்டுமோ அதற்கேற்ற பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே கனத்த அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி, கையால் எழுதித் தருவார்கள். அவசரம் என்றால் அதற்கும் ஒரு வழி இருந்தது. அது என்ன வழி என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் பதிவுத்துறை ஸ்டார் 2.0 மென்பொருளுக்கு மாறியது. இன்று வில்லங்க விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு கிடையாது. பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கிடைக்கின்றன. யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் சிட்டா, ஊரின் நிலக் கணக்கான அ-பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் எல்லாம் வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வந்துவிடுகின்றன.

இதனால் யார் பலம் குறைந்தது தெரியுமா? நிலப் புரோக்கர்களுடைய பலம். "இடம் சுத்தமா கிளியருண்ணே" என்று அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் போனைத் தட்டிவிட்டு, "இதுல ஒரு அடமானம் நிக்குதே" என்கிறார். ஒரு நகலுக்காக யாரையும் அண்ணே, சார் என்று கும்பிட வேண்டிய வேலை இல்லாமல் போனது. என் கடை வருமானத்திலும் அது கொஞ்சம் குறைத்தது. இருக்கட்டும், நல்ல காரியம்தான்.

ஆனால் வில்லங்கம் பார்க்கும்போது இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தமோ, பதிவுக்கு வராத கோர்ட் வழக்கோ, வாய்வழிப் பாகமோ அதில் வராது. இன்னொன்று, இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தால் பாதிதான் தெரியும். 112/3ஆ என்ற எண் பிறப்பதற்கு முன்னால் அந்த நிலம் 112/3 ஆக இருந்திருக்கும், அதற்கும் முன்னால் வெறும் 112. அந்த எண்களையும் போட்டுத் தேடுங்கள். பழைய பத்திரத்தில் இருக்கும் பழைய சர்வே எண்ணையும் விடாதீர்கள்.

படியை எடுத்ததற்கு ரேஷன் கார்டும் ஒரு உதாரணம். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வரும்வரை, பழைய புத்தகத்தில் வருஷா வருஷம் உள்தாள் ஒட்டுவதற்கு ஒரு வரிசை நிற்கும். அந்த வரிசையே இப்போது கிடையாது. அது எங்கே போயிற்று என்றுகூட யாரும் கேட்பதில்லை.

சரி, பட்டாவுக்கு வருவோம். என் கடைக்கு வரும் சண்டை, அழுகை, கோபத்தில் பெரும்பங்கு இதில்தான்.

பட்டா மாறுதலில் இரண்டு ரகம். ஆபீஸ் பேச்சில் ஒன்று என்.ஐ.எஸ்.டி., மற்றது ஐ.எஸ்.டி. முதலாவதில் உட்பிரிவு தேவையில்லை. தனி எண் உள்ள துண்டு முழுசாகக் கைமாறுகிறது. இரண்டாவதில் ஒரு எண்ணுக்குள் ஒரு பகுதி மட்டும் கைமாறுகிறது. சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் கோடு போட்டு, புது எண் கொடுத்தால்தான் அதற்குப் பட்டா. பதிவுத்துறையின் மென்பொருளையும் நில ஆவணங்களுக்கான தமிழ்நிலம் மென்பொருளையும் இணைத்த பிறகு, முதல் ரகத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. விற்பவர் பெயர் பட்டாவில் உள்ளபடியே பத்திரத்திலும் இருந்தால், பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறிவிடும். மனு இல்லை, கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) இல்லை, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) இல்லை. அப்பா காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அந்த 'இருந்தால்' இருக்கிறதே, அங்கேதான் கதை. எங்கள் பக்கத்தில் பட்டாவை எடுத்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி செத்துப்போனவர்கள் பெயரில் இருக்கும். தாத்தா பெயரில் பட்டா, அனுபவிப்பது பேரன். அல்லது பெயர் சரியாக இருக்கும், தகப்பன் பெயர் வேறு யாருடையதோ. 'மகன்' என்று வர வேண்டிய இடத்தில் 'மனைவி' என்றும் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வேர் எங்கே என்று அப்பா ஒரு கணக்குச் சொல்வார். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது; யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊர் ஊராக விசாரித்து, யார் அனுபவத்தில் நிலம் இருக்கிறதோ அவர் பெயரில் பட்டா எழுதினார்கள். ஏக்கர், சென்ட் கணக்கெல்லாம் ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாறியது. அந்தத் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு ஊர்க் கணக்குப் பார்த்த கர்ணம், ஊர்த் தலைவரான மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை ஒழித்தது. அது செய்ய வேண்டிய காரியம்தான், அதில் அப்பாவுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள் வீட்டுக்குப் போன அதே நேரத்தில்தான் கணக்கைப் புதிதாக எழுதினார்கள் என்பார். அன்றைக்கு ஊரில் இல்லாதவன் பெயர் விடுபட்டது. கொழும்பிலோ மலேயாவிலோ இருந்தவன் பங்கு அண்ணன் பெயரில் ஏறியது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தபோது அந்த ஏட்டில் இருந்ததை அப்படியே டைப் அடித்து ஏற்றினார்கள். ஏட்டில் இருந்த பிழைக்கு டிஜிட்டல் கையொப்பமும் கியூ.ஆர். கோடும் கிடைத்தது.

காகிதமாக இருந்தபோது இந்தப் பிழையோடு வாழ முடிந்தது. வி.ஏ.ஓ.வுக்கு ஊர் தெரியும், "அட, இவங்க அவரோட பேரன்தான் சார்" என்று எழுதிவிடுவார். மென்பொருளுக்கு ஊர் தெரியாது. பட்டாவில் 'முத்துக்கருப்பன்', பத்திரத்தில் 'முத்துகருப்பன்' என்றால், ஒரு 'க்' குறைந்ததற்காக அது தானியங்கிப் பாதையை விட்டுவிட்டு, ஆள் பார்க்க வேண்டிய பாதைக்கு அனுப்பிவிடும். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆள்மாறாட்டம் நடக்கிற உலகத்தில் மென்பொருள் அப்படித்தான் இருக்க வேண்டும். நாம்தான் அதற்குத் தக்கபடி முன்கூட்டியே தயாராக வேண்டியிருக்கிறது.

எப்படித் தயாராவது? நிலம் வாங்குகிறீர்கள் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சிட்டாவை எடுங்கள். விற்பவர் பெயரில்தான் பட்டா இருக்கிறதா, எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதே எழுத்தைப் பத்திர எழுத்தரிடம் கொடுத்து அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் தன் தமிழறிவைக் காட்டித் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரப்பை ஹெக்டேர் கணக்கில் சரிபாருங்கள்: ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட், ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால், "ரிஜிஸ்டர் முடிஞ்சதும் மாத்திக்கலாம் தம்பி" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்து வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாறிய பிறகு வாங்குங்கள். விற்பவருக்குப் பணம் தேவைப்படும் வரைதான் அவர் உங்கள் பின்னால் வருவார். பணம் கைக்குப் போன பிறகு ஒரு கையெழுத்துக்கு நீங்கள் அவர் பின்னால் போக வேண்டும்.

உட்பிரிவு ரகத்துக்கு இவ்வளவு எளிய வழி இல்லை. மனுவை வீட்டிலிருந்தே போடலாம், 2022இல் அதற்கென்றே இணையவழி வசதி வந்தது. ஆனால் வயலுக்கு ஒரு மனிதர் நடந்து வந்து அளந்தாக வேண்டும். ஒரு சர்வேயருக்குப் பல ஊர்கள், மழையில் வயலில் இறங்க முடியாது, நட்டு முடிந்த வயலிலும் இறங்க முடியாது, பக்கத்து வயல்காரர் "இங்க கல்லு போடக்கூடாது" என்று நிற்பார். இதையெல்லாம் எந்த சர்வரும் தீர்க்காது. எங்கள் பக்கம் அறுவடை முடிந்து வயல் காயும் மாசி, பங்குனியில் சர்வே நடப்பது மாதிரி மனுவைப் போடச் சொல்வேன். சர்வேயர் வரும் நாளில் நான்கு பக்கத்து வயல்காரர்களையும் முன்னாடியே சொல்லி வைத்து நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சான்றிதழ்கள் விஷயத்தில் கதை வேறு. வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி என்று பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கடையில் கூட்டம் நிற்கும். ஒரு சான்றுக்கு மையத்தில் 60 ரூபாய். மனு முதலில் வி.ஏ.ஓ.வுக்கு, அவரிடமிருந்து ஆர்.ஐ.க்கு, அங்கிருந்து சான்றைப் பொறுத்து துணை வட்டாட்சியருக்கோ வட்டாட்சியருக்கோ போகிறது. அன்றைக்கும் இதே மூன்று பேர்தான். அன்று காகிதத்தை நாம் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரையும் தேடி அலைந்தோம். இன்று அது தானே நகர்கிறது. அது சின்ன விஷயமில்லை, கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம். ஆனாலும் பார்க்க வேண்டிய கண்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. அதில் ஒருவர் லீவில் போனால் மனுவும் லீவில் போகிறது.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாம் அரசே கொடுத்து, அரசிடமே டிஜிட்டலாக இருப்பவை. உதவித்தொகை கொடுப்பதும் அரசு. நடுவில் ஒரு பிள்ளை அதை பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் பண்ணி, கே.பி. கணக்குக்குச் சுருக்கி, மறுபடியும் அரசுக்கே ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு அலமாரியிலிருந்து எடுத்து அடுத்த அலமாரியில் வைக்க ஜனங்களைக் கூலியாளாக வைத்திருப்பது மாதிரி இது. சான்றின் எண்ணைக் கொடுத்தால் அந்தத் துறையே எடுத்துப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால் ஜூன் மாதக் கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துவிடும். டிஜிலாக்கர் 2015இலேயே வந்துவிட்டது, அதில் வரும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017இல் விதியும் போட்டார்கள். இருந்தும் ஒரு கல்லூரி கவுன்டரில் "ஒரிஜினல் கலர் பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணிட்டு வா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கியூ.ஆர். கோடு உள்ள சான்றுக்கு ஒரிஜினல் எது, நகல் எது என்று எனக்கே புரியவில்லை. லேமினேஷன் காசு எனக்கு வருகிறது, அது வேறு விஷயம்.

மாணவர்களுக்கு நான் சொல்வது: வருமானச் சான்றுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள், சாதிச் சான்றுக்கு அப்படி இல்லை. ஆகவே சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி வேலைகளைப் பரீட்சைக்கு முன்பே முடித்துவிட்டு, வருமானத்தை மட்டும் கடைசியில் எடுங்கள். மனு திரும்பி வந்தால் கோபப்படாமல் காரணக் குறிப்பைப் படியுங்கள். பெரும்பாலும் 'ஆவணம் தெளிவில்லை' என்றோ 'பெயர் வேறுபாடு' என்றோ இருக்கும். முதலாவதற்கு மருந்து நல்ல ஸ்கேன். இரண்டாவது நம் ஊர் வியாதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். பள்ளியில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா செல்வம், கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் கவிதா ரமேஷ். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான். அதனால் பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போவதற்கு முன்பே பள்ளிப் பதிவேட்டையும் ஆதாரையும் ஒன்றாக்கிவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பெயர்தான் கடைசிவரை கூட வரும். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருத்துங்கள்.

இனி, எல்லாப் படியையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன்.

2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1000 ரூபாய், ஒரு கோடியே 6 லட்சம் பெண்கள் அளவுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் என்று தகுதி வைத்தார்கள். யார் சொல்வதையும் நம்பாமல் அரசிடம் ஏற்கெனவே உள்ள தரவுகளோடு ஒப்பிட்டார்கள். இவ்வளவு பேருக்கு, இவ்வளவு சீக்கிரம், நடுவில் தரகர் இல்லாமல் வங்கிக் கணக்கில் பணம் போனது என்றால் அதற்குத் தொழில்நுட்பம்தான் காரணம். அதை யார் மறுத்தாலும் நான் மறுக்க மாட்டேன். வீடு வீடாகச் சான்று கேட்டிருந்தால் இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

அந்த வாரத்தில்தான் ஓர் அக்கா வந்தார்கள். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று போனில் சேதி. காரணம் பார்த்தால் நிலம்.

"ஏந்தம்பி, ஆறு ஏக்கர் நஞ்சை எனக்கிருந்தா நான் ஏன் நூறு நாள் வேலைக்குப் போறேன்?" என்றார்கள்.

சிட்டாவை எடுத்தேன். கண்மாய்க்குக் கீழே 2 ஹெக்டேர் 50 ஏர் நஞ்சை, ஏறக்குறைய ஆறு ஏக்கர் சொச்சம். கூட்டுப்பட்டா. மாமனார் இறந்த பிறகு நான்கு மகன்கள் பெயரிலும் சேர்ந்து ஏறியிருக்கிறது. வாய்வழியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் உழுகிறார்கள். ஊருக்கே தெரியும். ஆனால் ஏட்டில் நான்கு பேரும் ஆறு ஏக்கர்காரர்கள். பட்டா என்றால் நிலம் விற்கும்போது மட்டும் தேவைப்படும் காகிதம் என்று அந்தக் குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது. எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்த கூட்டுப்பட்டா, சம்பந்தமே இல்லாத இடத்தில் எழுந்து வந்து மாதம் 1000 ரூபாயை மறித்தது.

நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம், கோட்டாட்சியர் விசாரிப்பார் என்று அறிவிப்பு இருந்தது. அந்த வாய்ப்பு இல்லாமல் போயிருந்தால் அந்த அக்காவின் கதை அதோடு முடிந்திருக்கும். மேல்முறையீட்டில் எழுதும்போது ஒன்று கவனித்தேன்: 'நான் ஏழை, கருணை காட்டுங்கள்' என்று எழுதினால் நகராது. 'இந்தச் சர்வே எண், இந்தப் பட்டா எண், மொத்தப் பரப்பு இவ்வளவு, கூட்டுப்பட்டாதாரர்கள் நால்வர், எங்கள் பங்கு இவ்வளவு' என்று அவர்கள் திரையில் காணும் எண்களையே திருப்பி எழுத வேண்டும். அப்படி எழுதினோம். வி.ஏ.ஓ. நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். பணம் வர ஆரம்பித்தது.

மென்பொருள் எடுத்த முடிவை மாற்றியது, வயலைப் பார்த்த ஒரு வி.ஏ.ஓ. அதனால்தான் 'எல்லாவற்றையும் ஆட்டோமேட் பண்ணிட்டா லஞ்சமே இருக்காது' என்று படித்த பிள்ளைகள் சொல்லும்போது நான் முழுசாகத் தலையாட்டுவதில்லை. ஏடு சரியாக இருக்கும் இடத்தில் மனிதனை எடுத்துவிடலாம், எடுக்கத்தான் வேண்டும். ஏடு தப்பாக இருக்கும் இடத்தில், போய்ச் சொல்வதற்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ரேஷன் கடையிலும் இதேதான். 2020 அக்டோபரில் கைரேகை வந்தபோது போலிக் கார்டு, ஆள் இல்லாத கார்டு விவகாரம் குறைந்தது. ஆனால் கொத்தனாருக்கும் கருவேலம் வெட்டுகிறவருக்கும் கைரேகை விழுவதில்லை. எண்பது வயது அப்பத்தாவுக்கு விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. வர முடியாதவர்களுக்காக இன்னொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. கேளுங்கள், கொடுக்க வேண்டும்.

கிடப்பில் கிடக்கும் மனுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் 2000களின் தொடக்கத்தில் பூமி என்ற திட்டத்தில் நில ஆவணங்களைக் கணினிக்கு மாற்றினார்கள். அதில் இரண்டு காரியம் எனக்குப் பிடிக்கும். கையால் எழுதிய நகல் இனிச் செல்லாது என்று ஒரேயடியாக நிறுத்தினார்கள். முதலில் வந்த மாறுதல் மனுவை முடிக்காமல் அடுத்ததைத் தொட முடியாதபடி மென்பொருளிலேயே பூட்டுப் போட்டார்கள். படியை எடுக்க முடியாத இடத்திலும் இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம். மத்தியப் பிரதேசம் 2010இல் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்து, கெடு தாண்டினால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5000 என்று அபராதம் வைத்தது. தமிழ்நாட்டிலும் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறார்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, 'என் இன்ன எண் மனு மீது எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலர் என்ன நடவடிக்கை எடுத்தார், தற்போது யாரிடம் உள்ளது' என்று இரண்டே வரி கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் தரத் தேவையில்லை. தேதி கேளுங்கள். பல நேரம் பதில் வருவதற்கு முன்னால் சான்று வந்துவிடும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளும் உண்டு, 1100 என்ற எண்ணும் உண்டு. அங்கே கொடுக்கும் மனு சுற்றிச் சுற்றி அதே மேசைக்குத்தான் வரும் என்பது உண்மை, ஆனால் மேலே ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்ற பயத்தோடு வரும்.

என் தொழில்காரர்கள் சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மனு போடும்போது போன் நம்பர் கேட்கும் இடத்தில் சில மையங்களில் தங்கள் நம்பரையே போட்டுவிடுவார்கள். அவசரத்துக்கு என்று ஆரம்பித்தது. விளைவு, 'திருப்பி அனுப்பப்பட்டது', 'சான்று தயார்' என்ற சேதியெல்லாம் உங்களுக்கு வராது, அவருக்கு வரும். அதன்பின் அவர் சொல்வதுதான் உங்களுக்கு அரசு. உங்கள் நம்பரைப் போட்டார்களா என்று திரையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், கட்டணம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும், அதற்கு மேல் ஏன் கொடுக்க வேண்டும்? விண்ணப்ப எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இ-சேவையில் உங்களுக்கென்று கொடுக்கும் கேன் எண்ணையும் சேர்த்து. ஆதாரில் இணைத்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் சாகவிடாதீர்கள். ஓ.டி.பி. வராமல் நின்றுபோன வேலைகள் என் கடையில் ஏராளம். அதைச் சரிசெய்ய பெரும்பாலும் ஆதார் மையத்துக்கு நேரில் போய் கைரேகை வைக்க வேண்டியிருக்கும், விரல் தேய்ந்தவர்களுக்கு அதுவும் திண்டாட்டம்.

அந்த அக்கா வீட்டில் இப்போது கூட்டுப்பட்டாவைப் பிரிக்கும் வேலை நடக்கிறது. மூன்று பேர் ஊரில் இருக்கிறார்கள், கடைசித் தம்பி சிங்கப்பூரில். அவர் வர முடியாது என்பதால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பச் சொன்னோம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும், அதைத் தவறவிட்டு மறுபடி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம், அப்புறம் சர்வே, அதற்கப்புறம் நான்கு தனிப்பட்டா. வயலில் இப்போது நடவு முடிந்து நிற்கிறது, எப்படியும் அறுப்புக்குப் பிறகுதான் கல் போட முடியும். வைகாசியில் ஜமாபந்தி என்ற வருஷாந்தரக் கணக்குத் தணிக்கை வந்தால் ஊர்க் கணக்கெல்லாம் மேசைக்கு வரும், மனுவை அங்கேயும் ஒரு பிரதி கொடுக்கலாம் என்றிருக்கிறோம். நீங்களும் அதற்கு முன்பு ஒருநாள் உங்கள் வீட்டுச் சிட்டாவை எடுத்து, யார் பெயரில் எத்தனை ஏர் என்று பார்த்து வையுங்கள். பார்ப்பதற்குக் காசு கிடையாது.